சிட்டுவுக்குத் தைத்த சட்டை

மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் தையல் மெஷினின் சத்தம் ஒரு நொடி கூடுதலாகக் கேட்டது.

முதலில் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. மருந்துக்கடை வேலையில் அவளுக்கு அந்த வாரம் கிடைத்த ஒரே விடுமுறை நாள் அது. நாளை சிட்டுவின் பிறந்தநாள். சட்டையில் வலது கையும் காலரும் இன்னும் பாக்கி. சிட்டு அவளுடைய பதினெட்டு வருடத் தோழி. பள்ளி வேன் ஓட்டுகிறவள், விடியும் முன்பே குளிரில் வண்டியைக் கிளப்புகிறவள். அவளுக்காகத்தான் உள்ளே மெல்லிய பஞ்சு வைத்து, முழுக்கையோடு, இந்த நீலச் சட்டை. அளவு கேட்டால் விஷயம் தெரிந்துவிடும் என்று, சிட்டு எப்போதோ மறந்து விட்டுப்போன பழைய சட்டையை விரித்துத்தான் வெட்டியிருந்தாள்.

மறுபடி மிதித்தாள். ஊசி கடகடவென்று ஓடியது. நிறுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஊசி நாலு தையல் கூடுதலாகப் போட்டுவிட்டு நின்றது.

பக்கத்து வீடு இரண்டு மாதமாகக் காலி. "உன் மெஷின் சத்தம் தாங்காமத்தான் அவங்க ஓடிட்டாங்க" என்று கணவன் காலையில்கூடக் கிண்டல் செய்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான்.

காலி வீடு, வெறும் சுவர், எதிரொலிக்கத்தானே செய்யும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு, மேகம் மூடிய மூன்று மணி வெளிச்சத்தில், மெஷின் எண்ணெயின் வாசமும் இஸ்திரி போட்ட துணியின் சூடான வாசமும் அறையில் கலந்து நிற்க, அவள் வலது கையைப் பொருத்தித் தைக்கத் தொடங்கினாள். வளைவில் அவள் நிதானித்தால் அங்கேயும் நிதானம். நேர்கோட்டில் வேகமெடுத்தால் அங்கேயும் வேகம். கை முடிந்தது. நூலை அறுத்தாள்.

அங்கே நிற்கவில்லை.

மெதுவாக, விட்டுவிட்டு, ஒரு வளைவைச் சுற்றிப் போகிற சத்தம். கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு அது எந்த இடம் என்று தெரிந்தது. காலர். அவள் இன்னும் தொடாத காலர்.

போனை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். பக்கத்து வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள். வெறுந்தரை. தரையெங்கும் தூசி, ஒரு காலடிகூடப் படாத தூசி. அதன்மேல் நீல நூல் துணுக்குகள்.

கையிலிருந்த போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. சிட்டு.

"ஏய், ஒரு நாள் பொறுக்க மாட்டியா நீ? வாசல்ல வச்சுட்டு பெல்கூட அடிக்காம ஓடிட்டியே!" சிட்டுவின் குரல் தழுதழுத்தது. "நாப்பது வயசுல முதல் தடவையா ஒருத்தி எனக்குன்னு உக்காந்து தைச்சுக் குடுத்திருக்கா. அழுதுட்டேன்டி."

"எதை வச்சேன்?"

"நடிக்காத. நீலச் சட்டை. போட்டுக்கிட்டுத்தான் பேசறேன்."

திறந்து கிடந்த தன் வீட்டுக் கதவு வழியே பார்த்தாள். மெஷின் மேல் காலர் இல்லாத சட்டை அப்படியே கிடந்தது.

"சிட்டு, அதைக் கழட்டு. நான் எதுவும் வைக்கல."

"போடி, விளையாடாத." சிரிப்பு. பிறகு துணி உரசும் சத்தம். "இரு... பட்டன் வரமாட்டேங்குது. கழுத்து வேற இறுக்குது."

பூட்டிய கதவுக்குப் பின்னால் ஊசி ஓடியது. போனில் சிட்டுவின் மூச்சு நின்றது. ஊசி நின்றது. மூச்சு வந்தது.

மறுபடி ஓடியது.

"கத்தரி எடு! வெட்டிடு!"

"எங்க வெட்டறது?" சிட்டு கிசுகிசுத்தாள். குழந்தை மாதிரி. "துணி எங்க முடியுதுன்னே தெரியலையேடி..."

அதன்பிறகு பேச்சு இல்லை. 'ம்', 'ம்' என்ற முனகல் மட்டும்.

அவள் ஓடினாள். செருப்பில்லை. இரண்டு தெரு. யாரோ என்னம்மா என்று கேட்டார்கள். நிற்கவில்லை. படிக்கட்டு. சிட்டுவின் கதவு. திறந்திருந்தது.

"சிட்டு?"

கண்ணாடி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் சிட்டு. சட்டை கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. கழுத்தில் துணிக்கும் தோலுக்கும் நடுவே கோடு இல்லை. அங்கிருந்து கிளம்பிய தையல், பொடிப்பொடியாக, ஒரே சீராக, தாடையில் ஏறி, உதடுகளை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மூடியிருந்தது. கைகள் இரண்டும் மடியோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. கண்கள் மட்டும் அசைந்தன. அவளைப் பார்த்தன. கெஞ்சின.

அறையில் வேறு யாரும் இல்லை. சிட்டுவின் கன்னத்தில் ஓர் ஊசி, பிடித்து நடத்த ஒரு கையும் இல்லாமல், நீல நூலை இழுத்துக்கொண்டு, அவசரமே படாமல், இடது கண்ணை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.