பழைய வெண்ணெய், புது ஸ்டிக்கர்

காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம்.

ஸ்டோர் மேனேஜரின் மேஜையில் போன் அலறியது. எடுத்தாள்.

மறுமுனையில் லோடு ஏற்றுகிறவர்.

"மேடம்... மூணாம் நம்பர் ஃப்ரீசருக்குள்ள பார்கோடு சார் விழுந்து கிடக்கிறாரு... உடம்பு கட்டை மாதிரி இருக்கு."

ஓடினாள்.

பிஸ்கட், கேக் கம்பெனிகளுக்கு வெண்ணெயும் பால் பவுடரும் முட்டைப் பவுடரும் அனுப்புகிற தொழிற்சாலை அது. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, எது எப்போது கெட்டுப்போகும் என்று ஒருவருக்கும் தெரியாமல் கிடந்த கிடங்கைச் சரிசெய்ய மூன்று மாதம் முன்பு வந்தவன் அவன். பெட்டிக்குப் பெட்டி பார்கோடு ஒட்டினான். அதுவே அவன் பெயராகிவிட்டது.

மைனஸ் பதினெட்டு டிகிரியில் இரண்டு மணி நேரம். பின்மண்டையில் அடி. அவன் உள்ளிருந்து தள்ளித் திறக்க முடியாதபடி, கதவுக்கு வெளியே ஒரு டன் பெட்டிகள்...

மூச்சு மட்டும் மிச்சம் இருந்தது. ஆம்புலன்ஸ் அள்ளிக்கொண்டு போனது.

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் அவள் அறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தயாரிப்பு மேனேஜர். அவளுடைய சொந்த அண்ணன்.

"எட்டு அஞ்சுக்கு ஃப்ரீசர் கதவு திறந்திருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க கார்டுலதாம்மா."

அது மட்டுமில்லை. உள்ளே இருநூற்று நாற்பது பெட்டி வெண்ணெய். காலாவதியாகி நான்கு மாதம் ஆனது. அத்தனையிலும் பழைய தேதியைக் கிழித்துவிட்டுப் புது ஸ்டிக்கர். மதியம் லாரி ஏறி, குழந்தைகள் தின்னும் பிஸ்கட்டுக்குப் போக வேண்டியது. ஸ்டிக்கர் அச்சானது அவள் பாஸ்வேர்டில்.

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

எட்டு மணிக்கு, கார்டை வீட்டில் மறந்துவிட்டேன் என்று அவள் கார்டை வாங்கிப்போனவன் அவன். பாஸ்வேர்டும் அவளைத் தவிர அவனுக்கு மட்டும்தான் தெரியும். அப்பா போனபிறகு இதே தொழிற்சாலையில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டி அவளைப் படிக்கவைத்தவன். உயிரைக் கேட்டாலே கொடுத்திருப்பாள். கார்டு எம்மாத்திரம்?

"அண்ணா, நீயே சொல்லு," என்றாள்.

அவன் தொண்டையைச் செருமினான்.

"என் தங்கச்சி கார்டை யார்கிட்டயும் குடுக்க மாட்டா சார்."

பிறகு சொல்ல மனமில்லாதவன் போல இழுத்து இழுத்துச் சொன்னான். போன வாரம் இவளுக்கும் பார்கோடுக்கும் பெரிய வாக்குவாதமாம். கோபம் வந்தால் இவளுக்குக் கண்மண் தெரியாதாம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம்.



பெண் போலீஸ் ஒருத்தி நெருங்கி வந்தாள்.

ஸ்டோர் மேனேஜர் மூடியிருந்த தன் கையைத் திறந்தாள். உள்ளே கசங்கிய ஒரு தாள்.

"சார், எனக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார். அவள் நிதானமாக விளக்கினாள். ஒரு டன்னை யாரும் கையால் தள்ள முடியாது. வண்டியைக் கிளப்ப அவரவர் நம்பரை அழுத்த வேண்டும். முந்தாநாளிலிருந்து அந்த நம்பரும் கம்ப்யூட்டரில் பதிவாகிறது. எந்தச் சரக்கை, யார், எத்தனை மணிக்கு, எங்கே நகர்த்தினார்கள் என்று. அதைச் சொன்ன கூட்டத்தன்று அண்ணன் லீவு.

இன்ஸ்பெக்டர் தாளைப் படித்தார்.

"எட்டு பதினேழு... மூணாம் நம்பர் ஃப்ரீசர் வாசல்..." அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். "இது உங்க நம்பர்தானே?"

கைப்பழக்கத்தில் அழுத்திய நான்கு எண்கள்...

அவன் ஒத்துக்கொண்டான்.

எல்லாம் வெளியே வந்தது. இருப்பைப் பார்க்காமல் இஷ்டத்துக்கு வெண்ணெய் வாங்கிக் குவித்தது அவன். கெட்டதும் முதலாளியிடம் சொல்லப் பயந்து ஸ்டிக்கர் மாற்றியதும் அவன். நேற்று மாலை பார்கோடு அதைக் கண்டுபிடித்து முதலில் சொன்னதும் அவனிடம்தான். உங்கள் தங்கை மாட்டிக்கொள்வாள், நீங்களே அவளிடம் பேசுங்கள் என்று இரக்கப்பட்டுச் சொல்லியிருக்கிறான். விஷயம் வெளியே போகாமலிருக்க, இன்று காலை அவனை ஃப்ரீசருக்குள் அடித்துப் போட்டு வாசலை அடைத்ததும் அண்ணன்தான்.

மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பார்கோடு கண் விழித்துவிட்டான்.

இன்ஸ்பெக்டர் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"இதை எப்பம்மா எடுத்தீங்க?"

"பத்தரைக்கு சார். ஆம்புலன்ஸ் போனதும்."

"அப்பவே எல்லாம் தெரியுமா? அப்புறம் ஏன் இவ்வளவு நேரம் கையிலேயே வச்சிருந்தீங்க?"

"கார்டை நான்தான் வாங்கினேன்னு அண்ணனே சொல்லிடுவார்னு பார்த்தேன் சார்."



விலங்கு மாட்டிய அண்ணன் வாசலில் நின்று திரும்பினான்.

"அம்மா என்னைக் கேட்டா என்னடி சொல்லுவ?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஸ்டாக் இல்லன்னு சொல்லிடுறேன்."