மூட மறுத்த கோப்பு

எல்லாம் நகலாகிவிட்டது, ஒரே ஒரு கோப்பைத் தவிர. அதைத் தொடும்போதெல்லாம் திரையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி எழுந்து, இந்தக் கோப்பு ஏற்கெனவே திறந்திருக்கிறது, மூடிவிட்டு மறுபடி முயலுங்கள் என்றது. ஒடாலிஸ் அதைத் திறக்கவே இல்லை. கணவன் எலியாதெஸைப் புதைத்த நாளிலிருந்து அதைத் திறக்கும் துணிச்சல் அவளுக்கு வந்ததில்லை.

"நிவால்தோ, இது மட்டும் போக மாட்டேங்குது."

மாடி வீட்டு நிவால்தோ சன்னலோரம் நின்று அவள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தான். அந்தத் தெருவில் பாதிக் கணினிகளுக்கு அவன்தான் வைத்தியன். ஹவானாவிலிருந்து வாராவாரம் நாடகமும் சினிமாவுமாக பஸ்ஸில் சாந்தியாகோவுக்கு வரும் ஹார்ட் டிஸ்க்கை வீடு வீடாகச் சுற்றுக்கு விடுகிறவனும் அவனே. அந்த டிஸ்க்கில் ஓர் ஓரத்தைத்தான் இன்று அவளுக்கு இரவலாகக் கொடுத்திருந்தான். மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து பிழைப்பவள் அவள். கணினியோ நாலு பக்கம் அடிப்பதற்குள் மயங்கி விழுந்துவிடுகிறது. மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக சிஸ்டம் ஏற்றினால்தான் உண்டு என்று அவன் சொல்லிவிட்டான்.

"தள்ளுங்கக்கா, பாப்போம்."

பார்த்தான். அணைத்துப் போட்டான். மறுபடி பார்த்தான். அதே பெட்டி.

"எதுவுமே திறந்து இல்லையே. ஏதோ வைரஸ் சேட்டை. அந்த ஒண்ண விட்ருங்க."

"விட முடியாது. அவன் பேசுறது அதுல மட்டும்தான் இருக்கு."

அது உண்மை. புகைப்படங்கள் நிறைய உண்டு, குரல் அந்த வீடியோவில் மட்டும்தான். நோயின் கடைசி நாட்களில், மயாமியில் இருக்கும் தங்கைக்கு அனுப்ப எலியாதெஸ் பேசியது. அனுப்பவும் இல்லை.

நிவால்தோ அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பு காட்ட முயன்றான். "அப்ப அண்ணனே உக்காந்து பாத்துட்டு இருக்காரோ என்னவோ. இந்த நாற்காலிய அவரு யாருக்கு விட்டுக் குடுத்தாரு?"

அவள் சிரிக்கவில்லை.

"சும்மா சொன்னேன்க்கா. இருட்டுனதும் நம்ம பக்கம் கரண்ட் போயிரும். அதுக்குள்ள தொட்டிய நிரப்பலன்னா எங்கம்மா என்னைய உள்ள விடாது. மோட்டார் போட்டுட்டு வந்ததும் அழிச்சிருவேன், அது ஏறுனாலும் சரி ஏறலன்னாலும் சரி. டிஸ்க்கு வேற கைமாறணும். நாடகம் வரலன்னா தெருவே என்னைய உரிச்சிரும்."

அவன் படியேறிப் போன சத்தம் அடங்கியது. கீழ் வீட்டில் கறுப்பு அவரை வேகும் குக்கரின் சீறலும், தலைக்கு மேல் மோட்டாரின் முனகலும், மழைக்கு முந்திய புழுக்கத்தைக் கிளறி அவள் முகத்திலேயே திருப்பி வீசும் மின்விசிறியின் கடகடப்பும் மட்டும் மிஞ்ச, மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள் எரிய, ஒடாலிஸ் அந்தக் கோப்பின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகைகூட வரவில்லை. அவ்வளவு அசதி.

கோப்பின் விவரத்தைத் திறந்தாள். கடைசியாகத் திறந்த நேரம் என்ற இடத்தில் இன்றைய தேதி. இந்த நிமிடம். மூடிவிட்டு மறுபடி பார்த்தாள். நிமிடம் மாறியிருந்தது.

மின்விசிறி அவள் பக்கம் திரும்பியபோது அந்த வாசனை வந்தது. எலியாதெஸின் நெஞ்சில் தினமும் அவள் தேய்த்துவிட்ட கற்பூரத் தைலம். மிச்சமிருந்த டப்பாவை அடக்கம் முடிந்த வாரமே கீழ் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். விசிறி அந்தப் பக்கம் போனது. திரும்பி வந்தது. வாசனை இன்னும் கிட்டத்தில்.

மேசையில் கிடந்த ஹெட்போனிலிருந்து எறும்பு ஊர்வதுபோல ஏதோ சத்தம். அவள் எதையும் ஓடவிடவில்லை. எடுத்துக் காதில் வைத்தாள்.

கரண்டி கோப்பையில் தட்டும் ஒலி. பிறகு ஒரு பெண் குரல்.

"காப்பி ஆறுது பாரு."

அவளுடைய குரல்தான். வீடியோவின் நடுவே அவள் காப்பி கொண்டுவந்த இடம். அதோடு நின்றது. கொஞ்ச நேரம் யாரோ மூச்சு விடும் சத்தம், இழுத்து இழுத்து, சளியோடு. பிறகு மறுபடி கரண்டி.

"காப்பி ஆறுது பாரு."

நின்றது. மூச்சு. கரண்டி.

"காப்பி ஆறுது பாரு."

அவன் குரலுக்காக அவள் இந்தக் கோப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அவனோ அவள் குரலுக்காக. ஒரு கணம் சந்தோஷம்தான் வந்தது, வெட்கமில்லாத சந்தோஷம். அதற்குப் பின்னாலேயே பயம் வந்தது. ஹெட்போனைக் கழற்ற மனம் வரவில்லை.

மேலே மோட்டார் நின்றுவிட்டது. சன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நிவால்தோ வந்துவிடுவான், அழித்துவிடுவான். மறுபடி முயன்றாள். சாம்பல் பெட்டி. மறுபடி. சாம்பல் பெட்டி. முதுகு வலித்தது, கண் செருகியது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. விடிய விடிய நாடகம் பார்ப்பவனிடம், பாதித் தூக்கத்தில், கல்யாணமான நாளிலிருந்து தினமும் சொன்னது.

"போதும் எலியாதெஸ். மூடிட்டு வந்து படு."

மூச்சுச் சத்தம் நின்றது.

பெட்டி மறைந்தது. பச்சைக் கோடு ஓடி நிறைந்தது. நகல் முடிந்தது என்றது திரை. அப்பாடா என்று அவள் நாற்காலியில் சாய்ந்தாள். குரல் தப்பித்துவிட்டது. இனி கணினி எக்கேடு கெட்டால் என்ன.

கரண்ட் போனது.

விசிறியின் இறக்கைகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. தெருவில் யாரோ மின்வாரியத்தைத் திட்டினார்கள். பிறகு அமைதி.

முதுகுக்குப் பின்னால் காலடி. செருப்பை இழுத்து நடக்கும் நடை. அவளைத் தாண்டி, உள்ளறைக்கு.

கட்டில் ஸ்பிரிங் முனகியது. உட்காரும் சத்தம். ஒரு செருப்பு விழுந்தது. இன்னொன்று.

"அக்கா, ஏறிருச்சா?" மாடியிலிருந்து நிவால்தோ.

ஒடாலிஸ் திரும்பினாள். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கொசுவலை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

கட்டில் மறுபடி முனகியது. படுத்தாகிவிட்டது. பிறகு இன்னொரு முனகல், சுவர்ப் பக்கமாக நகர்ந்து இடம் விடுகிற முனகல்.

கொசுவலையின் ஓரம், அவள் படுக்கும் பக்கம், உள்ளிருந்து மெல்ல உயர்ந்தது. உயர்ந்தபடியே நின்றது.