ஒற்றைச் செருப்பு

அந்த நாலு மாடிக் கட்டடத்தில் கொஞ்ச நாளாக யாரிடமும் முழு ஜோடிச் செருப்பு இல்லை. வாசலில் கழற்றிவிட்ட இரண்டில் ஒன்று மட்டும் மாயமாகிவிடும். இரண்டும் போனால் திருட்டு என்று புரிந்துகொள்ளலாம். ஒன்று மட்டும் போனால் அதற்கு என்ன பெயர் வைப்பது? மூன்றாம் மாடிப் பல் டாக்டர் ஒரு காலில் பச்சையும் மறுகாலில் நீலமுமாகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

டீச்சர் மட்டும் கவலைப்படவில்லை. அவள் வீட்டுச் செருப்புகள் எல்லாம் அலமாரிக்குள் பத்திரமாக இருந்தன.

டீச்சர் என்றால் நிஜமான டீச்சர் இல்லை. இரண்டாம் மாடியில் இருக்கும் பத்து வயதுப் பெண். யாரைப் பார்த்தாலும் எதையாவது சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவாள் என்பதால் அவள் அப்பா வைத்த பெயர் அது. கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. அவளுக்கும் அதில் பெருமைதான்.

அவளுடைய முதல் மாணவன் பம்பரம். கறுப்பும் வெள்ளையுமான நாய், பார்டர் கோலி இனம்.

"ஆட்டு மந்தையை மடக்கறதுக்குன்னே வளர்த்த இனம் இது. புதுசா எதைச் சொன்னாலும் அஞ்சு தடவைக்குள்ள கத்துக்கும். லைப்ரரி புத்தகத்துல போட்டிருக்கு" என்று கேட்டவர்களிடம் சொல்வாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

பம்பரம் கை கொடுக்கும். கதவின் கைப்பிடியைக் காலால் அழுத்தித் திறக்கும். அப்பா வேலை முடிந்து வந்ததும் அவருடைய வீட்டுச் செருப்பை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வரும். ஒரு செருப்புக்கு ஒரு பிஸ்கட். அதுதான் டீச்சர் போட்ட சட்டம்.

கீழ்த்தளத்தில் இன்னொரு நாய் இருந்தது. பாசெட் ஹவுண்ட் இனம். குட்டைக் கால், தரையைப் பெருக்கும் காது, எப்போதும் தூக்கம் வழியும் கண். அதன் பெயர் மூட்டை. படிக்கட்டின் அடியில் மூட்டையாகவே கிடக்கும். மேலே போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அது பள்ளிக்கூடத்தில் டீச்சரோடு ஒரே வகுப்பில் படிக்கும் விசிலின் நாய். முன்பல் உடைந்ததிலிருந்து அவன் பேசும்போது கூடவே கொஞ்சம் காற்றும் வரும். அதனால் விசில். அவனும் அவன் சித்தியும் மூட்டையும்தான் அந்த வீட்டில்.

ஒருநாள் அவன்தான் கேட்டான். "மூட்டைக்கும் ஏதாவது சொல்லிக் குடுக்கறியா?"

டீச்சர் உற்சாகமாக உட்கார்ந்தாள். ஒரு பழைய செருப்பைத் தூக்கிப் போட்டு, "எடுத்துட்டு வா" என்றாள். மூட்டை எழுந்தது, செருப்பை முகர்ந்தது, அதன்மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டது. மறுபடி போட்டாள். மறுபடி படுத்தது. வேடிக்கை பார்த்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இந்த இனத்துக்கு நூறு தடவை சொல்லணும்னு போட்டிருக்கு. மண்டையில ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டு டீச்சர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

விசில் மூட்டையின் காதைத் தடவிக்கொண்டிருந்தான்.

செருப்புகள் காணாமல் போனது அதற்குப் பிறகுதான்.

சனிக்கிழமை காலையில் படிக்கட்டின் அடியில் ஒரே கூட்டம். பல் டாக்டரின் பச்சைச் செருப்பு கிடைத்துவிட்டது. மூட்டை அதைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"கையும் களவுமா மாட்டிக்கிச்சு" என்றார் செகரட்டரி மாமா. கட்டடத்தின் தண்ணீர், விளக்கு, சண்டை எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு.

"மாமா, மூட்டை எடுக்காது. அது படியே ஏறாது" என்றான் விசில்.

"அப்ப செருப்பு தானா இறங்கி வந்துச்சா? நாய் விஷயம் தெரிஞ்சவளே இருக்கா, அவகிட்டயே கேட்டுடுவோம். நீ சொல்லும்மா டீச்சர்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோரும் பார்க்கும்போது தெரியாது என்று சொல்ல அவளுக்கு வராது.

"இது மந்த நாய் மாமா. நல்லது கெட்டது தெரியாது. பம்பரம் மாதிரி நாய்னா இப்படிப் பண்ணாது" என்றாள்.

அதோடு பேச்சு முடிந்துவிட்டது. நாளை சாயங்காலத்துக்குள் மூட்டையை வேறு எங்காவது அனுப்பிவிட வேண்டும் என்று செகரட்டரி மாமா சொன்னார். விசிலின் சித்தி, ஊருக்கு வெளியே தன் அண்ணனுக்குக் கோழிப்பண்ணை இருப்பதாகவும், அங்கே கொண்டுபோய் விடுவதாகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அன்று மதியம் அம்மா உள்ளறையில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தார். தையல் மெஷின் கடகடவென்று ஓடியது. டீச்சர் தன் அறைக்குள் நுழைந்தாள். அவள் தம்பி பொடியன் பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

வாசல் கதவின் கைப்பிடி கீழே இறங்கியது. கதவு திறந்தது. பம்பரம் உள்ளே வந்தது. அதன் வாயில் ஒரு சிவப்புச் செருப்பு.

பொடியன் செருப்பை வாங்கினான். பிஸ்கட் கொடுத்தான். செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

டீச்சர் குனிந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரு செருப்புக் கடையே இருந்தது.

"என்னடா இது?"

"அது செருப்பு குடுத்துச்சு, நான் பிஸ்கட் குடுத்தேன்" என்றான் பொடியன். "நீதானே அப்படிக் குடுக்கணும்னு சொன்ன?"

அவளேதான் சொன்னாள். பிஸ்கட் ருசியில் பம்பரம் நாள் முழுக்கச் செருப்பாகக் கொண்டுவந்து போட, தொல்லை தாங்காமல் வீட்டுச் செருப்புகளை அம்மா அலமாரியில் பூட்டினார். வீட்டில் செருப்பு இல்லையென்றால் என்ன, வெளியே எத்தனை வாசல்கள்? பம்பரம் கெட்டிக்கார நாய். அந்தக் கணக்கைத் தானே போட்டுவிட்டது.

டீச்சரின் காது மடல் இரண்டும் சூடாகிவிட்டன. காலையில் எல்லோர் முன்னாலும் தான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் திரும்பக் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

யாருக்கும் தெரியாமல் திருப்பி வைத்துவிட்டால் போதும் என்று முதலில் நினைத்தாள். செருப்புகளை ஒரு தலையணை உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு, கீழேயிருந்து தொடங்கலாம் என்று படி இறங்கினாள்.

படிக்கட்டின் அடியில் விசில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மூட்டையின் சாப்பாட்டுத் தட்டும் போர்வையும் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவன் ஒரு செருப்பை மூட்டையின் மூக்கருகில் பிடித்திருந்தான்.

"மூட்டை, இங்க பாரு. இது செருப்பு. மத்ததெல்லாம் எங்க வெச்சிருக்கே? காட்டு."

மூட்டை முகர்ந்தது, அதன்மேல் தாடையை வைத்தது, கண்ணை மூடியது.

டீச்சர் உறையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "என்ன பண்றே?"

"நூறு தடவை சொன்னா கத்துக்கும்னு சொன்னல்ல? அதான் காலையிலேருந்து சொல்லிட்டிருக்கேன். வெச்ச இடத்தைக் காட்டிடுச்சுன்னா எல்லாருக்கும் திருப்பிக் குடுத்துடலாம். அப்புறம் இங்கயே இருக்கட்டும்னு விட்டுடுவாங்க இல்ல?" அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "உனக்குத்தான் நாயைப் பத்தித் தெரியும். நான் சரியாத்தான் சொல்லிக் குடுக்கறேனா?"

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"சரியாத்தான்" என்று மென்று முழுங்கிவிட்டு மேலே ஓடிவிட்டாள்.

அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செருப்புகளைத் திருப்பி வைத்தாலும் மூட்டை எடுத்ததாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். மூட்டை கோழிப்பண்ணைக்குப் போய்விடும். விசில் மட்டும் அந்தப் படியில் உட்கார்ந்திருப்பான். அவள் தினமும் அவனைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போக வேண்டும். உண்மையைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அதை நினைத்தாலே உடம்பு கூசியது. சொல்லாமல் இருப்பதை நினைத்தால் அதைவிட அதிகமாகக் கூசியது.

மறுநாள் சாயங்காலம் கீழே கோழிப்பண்ணை வேன் வந்து நின்றது. ஹாரன் கேட்டதும் டீச்சர் எழுந்தாள். ஒரு கையில் தலையணை உறை, மறு கையில் பம்பரத்தின் வார்.

"பொடியா, டப்பாவை எடுத்துட்டு வா" என்றாள்.

வேனைச் சுற்றிப் பாதிக் கட்டடமே நின்றது. அம்மாவும் அங்கேதான் இருந்தார். விசில் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். டீச்சர் உறையைக் கவிழ்த்தாள். செருப்புகள் தரையில் கொட்டின.

"இதையெல்லாம் எடுத்தது பம்பரம்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள்.

செகரட்டரி மாமா தலையை ஆட்டினார். "உன் ஃப்ரெண்டோட நாயைக் காப்பாத்தணும்னு சொல்றே. நல்ல மனசுதான். ஆனா உன் நாய் அப்படிப் பண்ணாதுன்னு நீதானேம்மா சொன்னே?"

அவள் அடித்த பெருமையே இப்போது அவளுக்குக் குறுக்கே நின்றது.

டீச்சர் ஒரு செருப்பை மூட்டையின் முன்னால் போட்டு, "எடுத்துட்டு வா" என்றாள். மூட்டை வழக்கம்போல அதன்மேல் படுத்தது. பிறகு அவள் பம்பரத்தின் வாரை அவிழ்த்துவிட்டு, "பொடியா, டப்பாவைத் திற" என்றாள்.

மூடி டக்கென்று திறந்தது. பம்பரம் ஒரு சுற்றுப் பார்த்தது. தரையில் கிடந்தவற்றுக்கெல்லாம் ஏற்கெனவே பிஸ்கட் வாங்கியாகிவிட்டது. நேராகச் செகரட்டரி மாமாவிடம் போய், அவர் கால் செருப்பின் பின்பக்கத்தைக் கவ்வி இழுத்தது. அவர் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தளித்தார். பம்பரம் செருப்பைக் கொண்டுபோய்ப் பொடியனிடம் கொடுத்தது, பிஸ்கட்டை வாங்கியது, அடுத்து பல் டாக்டரின் காலைப் பார்த்தது. பல் டாக்டர் வேனுக்குள் ஏறிவிட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

"மூட்டையோட இனம் மோப்பம் பிடிக்கறதுக்காக வளர்த்தது மாமா. வாசனை போற வழியில அதுபாட்டுக்குப் போகும். நாம சொல்றதுக்காகக் காத்துட்டு நிக்காது. அதுக்கு எதையும் எடுத்துட்டு வரவே தெரியாது. பம்பரம் படியில தவறவிட்ட செருப்பைத் தலைக்கு வெச்சுத் தூங்கிச்சு, அவ்வளவுதான்." அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்கு நேத்தே தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

விசில் நிமிர்ந்தான். "நேத்து படியில வந்தியே, அப்பவுமா?"

"அப்பவும்தான். பின்னாடி கையில இந்த உறைதான் இருந்துச்சு."

அவன் மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"அதான் நேத்துலேருந்து சாப்பிடலையா?" என்று அம்மா கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. வேன் காலியாகத் திரும்பிப் போனது.

அவரவர் செருப்பை அவள்தான் ஒவ்வொரு வாசலாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒவ்வொரு வாசலிலும் தலை தானாகக் குனிந்தது. பம்பரத்தின் பழக்கத்தை மாற்றும்வரை அதை வாரில்லாமல் வெளியே விடக் கூடாது என்று செகரட்டரி மாமா சொல்லிவிட்டார். வீட்டில் அப்பா வாசல் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டார்.

பழக்கத்தை மாற்றுவது அவ்வளவு சுலபமாக இல்லை. சீக்கிரம் கற்றுக்கொள்ளும் நாய் சீக்கிரம் மறக்காது என்பது அந்தப் புத்தகத்தில் இல்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டீச்சர் படிக்கட்டில் ஒரு செருப்பை வைத்து, "தொடாதே" என்பாள். பம்பரம் பாய்ந்து கவ்வும். மறுபடி வைப்பாள். மறுபடி கவ்வும். போகிறவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள்.

ஒருநாள் விசில் தன் வீட்டுக் கதவில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே போய் மூட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"பக்கத்துல இதைப் படுக்க வை" என்றான்.

மூட்டை செருப்புக்குப் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது. டீச்சர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு இதோட மண்டையில ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். தப்பு" என்றாள்.

"மூட்டை அதைக் கேக்கல. தூங்கிட்டிருந்துச்சு."

"நீ கேட்டே."

"ம். நான் கேட்டேன்."

டீச்சர் படியில் உட்கார்ந்தாள். அவள் காது மடல் மறுபடி சூடானது. ஆனால் இந்த முறை எழுந்து ஓடவில்லை.

பம்பரம் செருப்பைப் பார்த்தது. மூட்டையைப் பார்த்தது. டப்பாவோடு நின்ற பொடியனைப் பார்த்தது. ஒரு காலை எடுத்து வைத்தது. மூட்டை அசையவில்லை. பம்பரத்துக்கு என்ன தோன்றியதோ, பெருமூச்சு விட்டு அதன் பக்கத்தில் படுத்து, தாடையைத் தரையில் வைத்தது.

"பொடியா, பிஸ்கட் குடு" என்றான் விசில் மெதுவாக. "முதல்ல டீச்சருக்கு."

பொடியன் தன் அக்காவிடம் பிஸ்கட்டை நீட்டினான்.

"அக்காவுக்கு இல்லடா. இதோ தூங்குதே, இந்த டீச்சருக்கு."

அக்காதான் முதலில் சிரித்தாள். பெயர் கை மாறிப்போனதில் அவளுக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை. புது டீச்சர் கண்ணைத் திறக்காமலேயே வாயை மட்டும் திறந்தது.