அசையாமல் இருந்த தண்ணீர்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு இருபதுக்கு, நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடிச் சமையலறையில், எழுபத்தோரு வயதான ஒருவரின் இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்நீரில் வெந்தது. அவருடைய வலது கை, ஒன்றரை வருடத்துக்கு முன் வந்த பக்கவாதத்தில் ஏற்கெனவே விழுந்திருந்தது.

பதினொரு மணிக்கு அவரைக் கவனித்துக்கொள்ளும் ஹோம் நர்ஸ், மிக்ஸியும் அடுப்பும் விற்றுப் பழுதுபார்க்கும் ஒரு சர்வீஸ் கடைக்கு வந்தாள். கல்லாவுக்குப் பின்னால் விசில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் அண்ணியின் கடையில் போன் எடுக்கவும் வேன் ஓட்டவும் வந்து சேர்ந்தார். வேலை போனாலும் 'விசில்' என்ற பட்டப்பெயர் போகவில்லை. கையில் எப்போதும் ஒரு பழைய துப்பறியும் நாவல் இருக்கும். கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, பிறகு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, "நான் அப்பவே நினைச்சேன்" என்று சொல்லிக்கொள்வது அவர் வழக்கம்.

"அக்கா, நீங்க சொல்லி வாங்கின அடுப்பால என் வேலை போகப் போகுது" என்றாள் வந்தவள்.

உள்ளே ஒரு மிக்ஸியைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்த அண்ணி, ஊருக்குச் சர்வீஸ்காரம்மா, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "உட்காரும்மா. தண்ணி குடி. அப்புறம் மொதல்ல இருந்து சொல்லு."

அந்த மைக்ரோவேவ் அடுப்பு விசிலுக்கும் நினைவிருந்தது. பெரியவர் இரண்டு முறை கேஸை மூட மறந்ததால் மகன் சிலிண்டரையே எடுத்துவிட்டு மைக்ரோவேவ் வாங்க முடிவு செய்தார். நாற்பது வகைச் சமையலுக்குப் பட்டன் வைத்த, தொட்டால் ஒளிரும் பெரிய மாடல்தான் அவர் கண்ணில் பட்டது. சர்வீஸ்காரம்மாதான் தடுத்தார். நடுங்குகிற கைக்குத் தொடுபட்டன் சரிப்படாது, திருகுகிற குமிழ்தான் வேண்டும், வாட் அளவும் குறைவாக இருக்கட்டும் என்றார். குமிழில் ஒரு நிமிடம் வரும் இடத்தில் தன் கையாலேயே சிவப்புப் புள்ளி ஒட்டினார். "அய்யா இந்தப் புள்ளி வரைக்கும் திருப்பட்டும். அவரோட கப்புக்குக் குடிக்கிற சூடுதான் வரும். கை சுடாது" என்று சொல்லியிருந்தார்.

"அந்தச் சொல்தான் இப்ப என் கழுத்துல சுருக்கா விழுந்திருக்கு" என்றாள் நர்ஸ். பெரியவரை அவள் அப்பா என்றும் மகனைச் சார் என்றும்தான் சொல்வாள். "நான் பாத்ரூம்ல துணி அலசிட்டிருந்தேன். அப்பா எழுந்து சமையல்கட்டுக்குப் போற சத்தம் கேட்டுது. தினமும் அவரே காபி போட்டுக்குவாரு, அது ஒண்ணுதான் அவருக்குன்னு மிச்சம். துண்டோட வாசப்படிக்கு வரேன். அவரு கப்பை வெளிய எடுத்து மேடையில வச்சிருந்தாரு. தண்ணி அசையல, ஒரு குமிழி கெடையாது. ஒரு ஸ்பூன் காபித்தூள் போட்டாரு பாருங்க, தண்ணி அப்படியே எகிறிக் குதிச்சுது. கையெல்லாம்…"

"எகிறிச்சா?" என்றார் விசில்.

"நீங்களும் நம்பல பாத்தீங்களா. சாரும் இப்படித்தான் முழிச்சாரு. நேத்து லீவு கேட்டுக் கொஞ்சம் வாக்குவாதம் ஆச்சு. அந்தக் கோவத்துல நான்தான் நாலு நிமிஷம் கொதிக்கவச்சு அவரு கையில ஊத்திட்டேன்னு சொல்றாரு. என்னை அனுப்பின ஏஜென்சிக்குப் போன்ல ஏதோ சொல்லிட்டாரு, அஞ்சு மணிக்குள்ள ஒத்துக்கலேன்னா எழுதியே குடுத்துடுவாராம். பதினோரு வருஷமா ஒரு சொல் வாங்கினதில்லக்கா. இப்படி ஒரு பேரு வந்தா எந்த வீட்டுல என்னை உள்ள விடுவாங்க?"

"பெரியவர் என்ன சொல்றாரு?"

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "அவருக்குப் பேச்சு இல்லையே. 'யாருப்பா பண்ணினது'ன்னு சார் கேட்டாரு. நான் சமையல்கட்டு வாசல்ல நின்னேன். அப்பா என்னைத்தான் கை காட்டினாரு."

சர்வீஸ்காரம்மா அவள் பக்கமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "அடுப்பு மணி அடிச்சது கேட்டுதா?"

"ரெண்டு தரம் கேட்டுது. ஒண்ணு நான் துணியை ஊறப்போட்டப்ப. இன்னொண்ணு பத்து நிமிஷம் கழிச்சு, அலசி முடிக்கிறப்ப. அதைச் சொன்னதுக்கும், 'பாத்தியா, ரெண்டு தரம் சூடு பண்ணியிருக்க'ன்னுட்டாரு."

"தம்பி, வண்டியை எடுங்க. தெர்மாமீட்டரையும் எடுத்துக்குங்க" என்றார் சர்வீஸ்காரம்மா விசிலிடம்.

வேனில் போகும்போதே விசிலின் கற்பனை நாலாவது கியருக்குப் போய்விட்டது. "அண்ணி, மகன் மேலதான் எனக்குச் சந்தேகம். வீடு பெரியவர் பேர்லதானே இருக்கும்?"

"இருக்கட்டும். தண்ணி ஏன் எகிறிச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல."

விசில் கியரைக் குறைத்தார். கடைசிப் பக்கம் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

மகன் கதவைத் திறந்தார். நாற்பது வயதிருக்கும். இரண்டு நாள் தாடி, காதில் ஒயர். நர்ஸைப் பார்த்ததும் முகம் இறுகியது. "மேடம், நீங்க வந்தது நல்லதாப் போச்சு. புள்ளி வரைக்கும் திருப்பினா கை வேகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? வீட்டுல கேஸ் கெடையாது, கெட்டில் கெடையாது. புள்ளியைத் தாண்டித் திருப்பறதுக்கு அப்பா கையில தெம்பு கெடையாது. அப்ப மிச்சம் யாரு? நான் ஏழு மணியில இருந்து ரூம்ல ஆபீஸ் போன்ல மாட்டிக்கிட்டேன். அவர் கத்தற வரைக்கும் வெளிய வரல. இன்னிக்கு ஒரு வாய் டீ கூட உள்ள போகல."

அவர் குரல் கடைசியில் உடைந்தது. விசில் தன் சந்தேகத்தைப் பாதி வாபஸ் வாங்கிக்கொண்டார்.

கூடத்தில் பெரியவர் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துச் சாய்ந்திருந்தார். "என்னங்க அய்யா, ரொம்ப எரியுதா?" என்று சர்வீஸ்காரம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

சமையலறையைக் காலையிலிருந்து யாரும் துடைக்கவில்லை. மேடைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் மரப்பலகை அலமாரி. அதன் கீழே அடுப்பு. அடுப்பின் முன்னால் பெரிய கண்ணாடிக் கப் நிமிர்ந்தே நின்றது. அடியில் இரண்டு விரல் தண்ணீர், பழுப்பாக. அடுப்பின் தலையில் ஒரு சின்னத் தட்டு, அதில் நூல் சுற்றியபடியே ஒரு டீ பை.

"இந்தக் கப் புதுசா?"

"சார் ஆபீஸ்ல குடுத்தது. அப்பாவோட பழைய கப் பீங்கான். உள்ள பூரா கீறல் விழுந்து போச்சுன்னு முந்தாநாள் மாத்தினாரு" என்றாள் நர்ஸ்.

தரையில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்த விசில் நிமிர்ந்தபோது தலை அலமாரியில் ணங்கென்று இடித்தது. "அய்யய்யோ!" என்று உச்சியைத் தடவினார். கையில் பழுப்பாய்ப் பொடிப்பொடியாய் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தார். "காபி."

சர்வீஸ்காரம்மா டார்ச்சை அடித்தார். பலகையின் அடிப்பக்கம் முழுவதும் காய்ந்த காபித் துளிகள்.

"உங்க தலைக்கு ஒரு சலாம், தம்பி" என்றார் அவர். பிறகு மகனைக் கூப்பிட்டார். "சார், ஒருத்தர் கையில தண்ணியை ஊத்தினா அது கீழதானே போகும்? அலமாரியோட அடிவயித்துல எப்படிப் போய் ஒட்டும்? தட்டி விட்டிருந்தாலும் கப் சாஞ்சிருக்கணும். அது நிமிர்ந்து நிக்குது, உள்ள இருந்தது மட்டும் காணோம். இந்தப் பொண்ணு சொன்ன மாதிரி மேல எகிறியிருக்கு."

"சும்மா இருக்கிற தண்ணி எப்படி மேடம் எகிறும்?"

"பாத்துடலாம்."

பழைய பீங்கான் கப்பை மகனின் மேஜையிலிருந்து, உள்ளே கிடந்த பேனாக்களைக் கொட்டிவிட்டு விசில் எடுத்து வந்தார். குழாய்த் தண்ணீர் நிரப்பி, புள்ளி வரைக்கும் திருப்பினார்கள். மணி அடித்தது. தெர்மாமீட்டர் ஐம்பத்தாறு டிகிரி காட்டியது. அடுத்து, கண்ணாடிக் கப்பை அலம்பி அதே அளவு தண்ணீர், அதே புள்ளி. அதுவும் ஐம்பத்தாறுதான்.

"அப்ப நான் சொன்னது சரிதானே?" என்றார் மகன். "ஒரு நிமிஷத்துல தோல் வேகாது."

"பச்சைத் தண்ணியா இருந்தா வேகாது" என்றார் சர்வீஸ்காரம்மா.

அவர் கண்ணாடிக் கப்பைக் காலி செய்து புதிதாகத் தண்ணீர் பிடித்தார். இந்த முறை நான்கு நிமிடம். தண்ணீர் தளதளவென்று கொதித்து, மணி அடித்து, அடங்கியது. கதவைத் திறக்காமல் பத்து நிமிடம் காத்திருந்தார்கள். பிறகு புள்ளி வரைக்கும் மறுபடி ஒரு நிமிடம். கதவைத் திறந்து எல்லோரையும் கூடத்துக்குத் தள்ளி நிற்கச் சொன்னார். நீளமான துடைப்பக் கம்பின் நுனியில் ஒரு ஸ்பூனைக் கட்டி, அதில் காபித்தூளை வைத்து, விசிலிடம் கொடுத்தார். "கப் அடுப்புக்குள்ளயே இருக்கட்டும். எட்டி நின்னு கொட்டுங்க."

ஓடும் பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு டிக்கெட் நீட்டிய கை அது. நடுங்காமல் கொட்டினார்.

தூள் மிதந்தது, கரைந்தது. அவ்வளவுதான்.

மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸ் சுவரில் சாய்ந்துகொண்டாள். விசிலுக்குத் தன் கையே துரோகம் செய்தது போல் இருந்தது. "அண்ணி…" என்று இழுத்தார்.

"எப்பவும் நடக்கற விஷயம் இல்ல இது. எப்பவும் நடந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும்." அவர் கப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் பழைய காபியின் மெல்லிய வளையம். "நான்தான் சரியா கழுவல." சோப்புப் போட்டு, தேய்க்காமல் விரலால் வழித்து, மூன்று முறை அலசினார். மறுபடியும் நான்கு நிமிடம், பத்து நிமிடம், ஒரு நிமிடம்.

மணி அடித்தது. கதவு திறந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் நின்றது. கம்பு நீண்டது, ஸ்பூன் கவிழ்ந்தது.

புஸ்ஸென்ற சத்தத்தோடு தண்ணீர் கப்பை விட்டு எழும்பி அடுப்பின் கூரையில் மோதி வாசல் வழியாக மேடையில் கொட்டியது. விசில் கம்பைப் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் குதித்தார். கப் நிமிர்ந்தே நின்றது. உள்ளே இரண்டு விரல் தண்ணீர்.

மேடை விளிம்பிலிருந்து வெந்நீர் தரையில் சொட்டியது.

"தண்ணி கொதிக்கணும்னா குமிழி உண்டாக ஒரு பிடிமானம் வேணும்" என்றார் சர்வீஸ்காரம்மா. "ஒரு கீறலோ, தூசியோ, தண்ணிக்குள்ள கலந்திருக்கிற காத்தோ ஏதாவது ஒண்ணு. அய்யாவோட பழைய கப்ல அந்தக் கீறலே அவரைக் காப்பாத்திட்டிருந்தது. புதுக் கப் வழவழன்னு இருக்கு. ஒரு தரம் கொதிச்சதுல தண்ணியில இருந்த காத்தும் போயிடுச்சு. மறுபடி சூடு ஏத்தினா, நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம கம்முனு இருக்கும். ஒரு தூள் விழுந்தாப் போதும், மொத்தமும் ஒரே நேரத்துல பொங்கிடும்."

"அப்ப முதல்ல கொதிக்க வச்சது யாரு?" மகன் நர்ஸைப் பார்த்தார். ஆனால் குரலில் காலையில் இருந்த உறுதி இல்லை.

"அப்பா கைக்கு நாலு நிமிஷம் திருப்ப வராதுன்னு நீங்களே சொன்னீங்க. இவ கொதிக்க வச்சிருந்தா, அடுப்பு மணி ரெண்டு தரம் அடிச்சுதுன்னு வாயைக் குடுத்துத் தானே மாட்டிக்குவாளா? துணி ஊறப்போட்டப்ப ஒரு மணி, அலசி முடிக்கிறப்ப ஒண்ணு. நடுவுல பத்து நிமிஷம். முதல் மணி அடிச்சும் தண்ணி வச்சவர் கப்பை எடுக்க வரல." சர்வீஸ்காரம்மா அடுப்பின் தலையிலிருந்த சின்னத் தட்டை எடுத்து வந்து மகன் முன்னால் வைத்தார். டீ பை தண்ணீரே படாமல், காகிதம் போல் இருந்தது. "அய்யா குடிக்கிறது காபி. இந்தப் பொண்ணு பையில அவளோட டீ பிளாஸ்க் இருக்கு, வரும்போதே பாத்தேன். இதுக்குத் தண்ணி வச்சவர் ஒருத்தர் இருக்காரு. இன்னும் அவர் டீ குடிக்கல."

மகன் டீ பையைப் பார்த்தபடி நின்றார். காதிலிருந்த ஒயரைக் கழற்றினார். விசில் படிக்கும் நாவல்களில் குற்றவாளிகள் இந்த இடத்தில் ஓடுவார்கள், அல்லது சிரிப்பார்கள். இவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏழு நாலுக்கு போன் வந்துச்சு" என்றார். "தண்ணி வச்சிட்டுத்தான் எடுத்தேன். அப்புறம்… சத்தியமா அப்புறம் எனக்கு அந்த ஞாபகமே வரல மேடம்."

"தெரியும். அய்யா கதவைத் திறந்து பாத்திருக்காரு. தன்னோட புதுக் கப்ல தண்ணி தயாரா இருக்கு. குமிழியும் இல்ல, அதனால சூடு இல்லன்னு நினைச்சு, வழக்கம் போல புள்ளி வரைக்கும் திருப்பியிருக்காரு."

"ஆனா அப்பா இவங்களைத்தானே காட்டினாரு?"

சர்வீஸ்காரம்மா நர்ஸிடம், "நீ ஜன்னல் பக்கம் போய் நில்லும்மா" என்றார். பெரியவரிடம் குனிந்து கேட்டார்: "அய்யா, காலையில கையைச் சுட்டது எது?"

கட்டுப்போட்ட கை மெல்ல எழுந்தது. ஜன்னல் பக்கம் போகவில்லை. யாரும் நிற்காத சமையலறை வாசலைத் தாண்டி, உள்ளே அடுப்பைக் காட்டியது.

நர்ஸ் அப்போதுதான் அழுதாள்.

"என் பங்கும் இதுல இருக்கு" என்றார் சர்வீஸ்காரம்மா, யாரையும் பார்க்காமல். "புள்ளி ஒட்டினப்ப பச்சைத் தண்ணியை மட்டுந்தான் நினைச்சேன். கப்புக்குள்ள என்ன இருக்கும்னு புள்ளிக்குத் தெரியாது."

மகன் எழுந்து நர்ஸின் முன் போய் நின்றார். கைகளைக் கூப்பினார். அவளே சொன்னாள்: "மன்னிப்பெல்லாம் அப்புறம் கேளுங்க சார். காலையிலயே ஏஜென்சிக்குப் போன் போட்டு ஏதோ சொன்னீங்களே, அதை முதல்ல மாத்திச் சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கும்போதே."

அவர் அப்படியே செய்தார். பேசும்போது "தப்பு என் பேர்ல" என்று இரண்டு முறை சொன்னதை விசில் எண்ணினார்.

திரும்பும் வழியில் விசில் வேனை மெதுவாகவே ஓட்டினார். ஒரு சிக்னலில் நின்றபோது, "மகன்தான்னு நான் அப்பவே சொன்னேன் அண்ணி" என்றார்.

"சொன்னீங்க, வீட்டுக்காகன்னு" என்றார் அவர். "பச்சை விழுந்துடுச்சு, வண்டியை எடுங்க."

புதன்கிழமை காலை ஆறரைக்கு நர்ஸ் வேலைக்கு வந்தாள். கண்ணாடிக் கப்பில் பேனாக்கள் இருந்தன. குமிழிக்குப் பிடிமானமாகப் பீங்கான் கப்பில் ஒரு மரக்குச்சியைப் போட்டுத்தான் இனி தண்ணீர் சூடு செய்ய வேண்டும், ஒரு தரம் சூடானதைத் திரும்ப வைக்கக் கூடாது என்று அடுப்புக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெரியவரின் கை ஆற இருபத்துமூன்று நாள் ஆயிற்று. இருபத்துநான்காம் நாள் அவர் தன் காபியைத் தானே போட்டுக்கொண்டார்.