ஓடைக்கரைப்பட்டிக்கு ஒரு சாளரம்

மே மாதம் பிறந்துவிட்டால் கோமளாவின் தொலைபேசி ஓயாது. ஸ்வெட்டர்கள் உலர்த்தியில் சுழன்றுகொண்டிருக்கும். சமையலறைக் கதிர்விளக்கின் கீழ் இட்லி ஊற்றியபடியே அவள் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வாள். சென்னை கோல்ஃப் நண்பர் குழுவின் பயணச் செயலாளர் அவள்தான். வருடத்திற்கு ஒருமுறை குழு முழுவதும் வெயிலுக்குப் போகும். எந்த ரிசார்ட் என்று முடிவு செய்வது அவள் பொறுப்பு.

முடிவு செய்வது என்றால், இதுவரை பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. ஒவ்வொரு ஆண்டும் நீலச்சாரல்தான். மலைச்சரிவில் பதினெட்டுக் குழித் திடல், வெந்நீர்க் குளம், நல்ல மருத்துவமனை. எல்லாவற்றையும்விட, நீலச்சாரலுக்கு வெயில் உறுதி.

பூமி சூடேறிப்போன காலத்தில், அதைத் தணிக்க வானத்தின் உயரத்தில் நுண்துகள்களைத் தூவினார்கள். வானத்திரை என்று பெயர். திரை தன் வேலையைச் செய்தது. கடல் அடங்கியது, புயல்கள் குறைந்தன. ஆனால் சூரியன் பால் கலந்த வெளிச்சமாக மங்கிப்போயிற்று. அக்கினி நட்சத்திரத்திலும் சென்னையில் கம்பளி தேவைப்பட்டது. பிறகு எங்காவது சில வாரங்களுக்கு மட்டும் திரையை விலக்கிப் பிடிக்கும், வானில் மிதக்கும் சாளரக் கப்பல்கள் வந்தன; அப்படி விலகிய இடத்துக்குச் சாளரம் என்று பெயர். தென் மண்டலத்திற்குக் கோடைக்கு ஒரே ஒரு சாளரம். அதற்கு ஆகும் செலவைச் சுற்றுலா ஒன்றுதான் தாங்கும் என்று வானத்திரை வாரியம் கருதியது. அதனால் விதி இப்படி அமைந்தது: பதிவு பெற்ற கோல்ஃப் ரிசார்ட்டுகளில் எதற்கு அதிக முன்பதிவோ, அதன் தலைக்கு மேல் சாளரம் திறக்கும். முன்பதிவை மாற்ற முடியாது. தோற்ற ரிசார்ட்டுக்குப் பதிவு செய்தவர்கள் அங்கே போய் மங்கலில்தான் விளையாட வேண்டும்.

கோமளாவின் குழுதான் மண்டலத்திலேயே பெரியது. அது சாயும் பக்கம் பெரும்பாலும் சூரியனும் சாய்ந்தது.

இந்த ஆண்டு அவளுக்கு அது வெறும் விடுமுறையாக இல்லை. அவள் கணவன் ரகுபதி எட்டு மாதமாகப் படுக்கையறையை விட்டு வெளியே வரவில்லை. நில அளவைப் பொறியாளர். ஒரு நாளைக்குப் பத்து மைல் நடந்தவர். வெயிலில்லாமல் வரும் மங்கல் நோய் பிடித்தபின் சுவரைப் பார்த்துப் படுத்தார், பேச்சை நிறுத்தினார், அப்படியே இருந்தார். விளக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. "நிஜ வெயில், ரெண்டு வாரமாவது. அதைத் தவிர வேற வழி தெரியல" என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, கிளப்பின் உள்ளரங்கில் ஆட்கள் துணித்திரைமீது பந்தடித்துக்கொண்டிருந்தபோது, அழைப்பில்லாமல் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். தடித்த சால்வை, கையில் ஒரு பை.

"வணக்கம். என் பேரு பஞ்சவர்ணம். ராமநாதபுரம் பக்கம் ஓடைக்கரைப்பட்டி. எங்க ஊர்லயும் கோல்ஃப் ரிசார்ட் இருக்கு. இந்த வருசம் நீங்க எல்லாரும் அங்க வரணும்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

மட்டைகள் நின்றன. ஓய்வு பெற்ற நீதிபதி மனோகர்தான் முதலில் சிரித்தார். குழுவில் மூத்தவர், அவர் சொன்னால் பாதிப்பேர் கேட்பார்கள்.

"ஓடைக்கரைப்பட்டியில கோல்ஃபா? யாரு விளையாடுறாங்க?"

"யாரும் விளையாடலங்கய்யா. எங்களுக்குத் தெரியாது. ரிசார்ட் இருந்தாத்தான் சாளரம்னு சட்டம் சொல்லுது. அதனால கட்டினோம். ஊரே சேந்து மூணு வருசம் வெட்டினோம். வாரியத்துல இருந்து வந்து பாத்து, சரின்னு பதிவு பண்ணிக் குடுத்துட்டாக."

"புல்லு?"

"புல்லுக்குத் தண்ணி எங்க இருக்கு? குழியச் சுத்தி எண்ணெய் கலந்த மணல உருட்டி வச்சிருக்கோம். சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு."

அரங்கில் சிரிப்பு பரவியது. பஞ்சவர்ணம் அது முடியும்வரை காத்திருந்தாள். பையிலிருந்து திடலின் படங்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். "ஒருத்தராவது வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பாக்காம வேண்டாம்னு சொல்லாதீக" என்றாள். எல்லோரும் கோமளாவைப் பார்த்தார்கள்.

"நான் வர்றேன்" என்றாள் கோமளா. மறுக்கும் முன் ஒரு சம்பிரதாயம் என்றுதான் அப்போது நினைத்தாள்.

*

ரகுவைப் பார்த்துக்கொள்ளத் தன் தம்பி வீட்டாரை வரவழைத்துவிட்டு அவள் ரயிலேறினாள். ஓடைக்கரைப்பட்டி அவள் எதிர்பார்த்ததைவிடத் துப்புரவாக இருந்தது. பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தை விருந்தினர் விடுதியாக்கியிருந்தார்கள். ஜமக்காளம் புதிது. திடல் பழுப்பு நிறத்தில் நீண்டு கிடந்தது. ஒவ்வொரு குழியருகிலும் யாருடைய வேட்டியையோ கிழித்துத் தைத்த கொடி. கோமளா விளையாடினாள். பஞ்சவர்ணம் மட்டைப் பையைச் சுமந்துவந்து, பந்து போகும் திசையை மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாகக் கை காட்டினாள்.

திடல் மோசமில்லை. இதுதான் கோமளாவுக்கு ஆச்சரியம். மணலில் பந்து மெதுவாக உருண்டாலும் நேராக உருண்டது.

ஆறாவது குழியில் அடி பிசகிப் பந்து மிளகாய்த் தோட்டத்துக்குள் போயிற்று. செடிகள் இடுப்பளவு வளர்ந்து இலையாகவே இருந்தன. காய் ஒன்றிரண்டுதான். இருபது வயதுப் பெண் ஒருத்தி வரப்பிலிருந்து எழுந்து, கம்பை ஊன்றி ஊன்றி நடந்து வந்து பந்தைக் கொடுத்தாள்.

"காலுல அடியா?" என்று கோமளா கேட்டாள்.

"அடியில்லக்கா. எலும்பு, வெயில் படாதது. எங்க செட்டுல முக்காவாசிப் பேருக்கு இப்படித்தான்." ஏதோ ஊரில் எல்லோருக்கும் சளி என்பதுபோலச் சொல்லிவிட்டு அவள் திரும்பிப் போனாள்.

மதியச் சாப்பாடு பஞ்சவர்ணத்தின் வீட்டில். கை கழுவப் பின்கட்டுக்குப் போன கோமளா, பாதி மூடிய ஒரு கதவைக் கடந்தாள். உள்ளே கட்டிலில் ஒரு ஆள். முழங்கால் மடித்து, ஒரு கை தலைக்குக் கீழே, முகம் சுவரைப் பார்த்து. அவள் நின்றுவிட்டாள். அந்த முதுகை அவளுக்குத் தெரியும். எட்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் பார்க்கிற முதுகு அது.

"எங்க வீட்டுக்காரு" என்றாள் பின்னால் வந்த பஞ்சவர்ணம். "ரெண்டு வருசமாச்சு. அடுத்த வீட்லயும் ஒரு ஆளு இருக்காக. அதுக்கடுத்த வீட்ல தாயும் மகளும்."

"கிளப்புல இதை ஏன் சொல்லலை?"

"விளையாடப் போற இடத்தப் பாக்குறவுககிட்ட இதச் சொல்லி என்னத்துக்கு? இரக்கப்பட்டு வந்தா ஒரு வருசம் வருவாக. திடல் நல்லாருக்குன்னு வந்தாத்தான் மறுவருசமும் வருவாக."

கோமளா சாப்பிட உட்கார்ந்தாள். பஞ்சவர்ணம் குழம்பு ஊற்றும்போது கேட்டாள்: "உப்பு சரியா இருக்காக்கா?"

"இருக்கு" என்றாள் கோமளா. இன்னும் ஒரு வாய்கூட அவள் வைக்கவில்லை.

*

முடிவுக் கூட்டத்திற்கு எல்லோரும் வந்திருந்தார்கள். கோமளா எழுந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"திடலைப் பார்த்துட்டேன். விளையாடலாம். புல் இல்லை, வெந்நீர்க் குளம் இல்லை. நான் எனக்கும் ரகுவுக்கும் ஓடைக்கரைப்பட்டியில பதிவு பண்ணிட்டேன்."

மனோகர், "பண்ணிட்டியா? மாத்த முடியாதேம்மா" என்றார்.

"தெரியும் சார்."

"ரகுவுக்கு வெயில் வேணும்னு அன்னிக்கு அழுதது நீதானே? நீலச்சாரல்னா உறுதி. இப்ப நாங்க வரலைன்னா அவனை வச்சுக்கிட்டு மங்கல்ல உக்காந்திருப்பே. அவன் உசுரை வச்சா பந்தயம் கட்டுறது?"

அந்தக் கேள்வி அவளுக்குப் புதிதல்ல. திரும்பி வந்த ரயிலில் அதையே கேட்டுக் கேட்டுத்தான் வந்திருந்தாள்.

"அங்க வீட்டுக்கு வீடு ஒரு ரகு இருக்கான் சார். நீலச்சாரல்ல மலை முழுக்க ரிசார்ட்டும் காடும்தான். அந்த வெயில் யார் மேலயும் விழலை, நம்ம மேல மட்டும்தான் விழுது. ரகுவுக்கு மட்டும் வெயிலை வாங்கிட்டு, அந்த முதுகுங்களை எல்லாம் பார்க்காத மாதிரி என்னால இருக்க முடியாது. நீங்க வந்தா எல்லாருக்கும் வெயில். வரலைன்னா, நானும் அவரும் அங்கேயே இருந்துட்டு வர்றோம்."

"இது மிரட்டல்."

"ஆமா சார்" என்றாள் கோமளா.

கூட்டம் ஒரு முடிவுக்கு வராமலே கலைந்தது. அடுத்த நாளிலிருந்து அவள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனாள். சிலர் காபி கொடுத்துப் பேச்சை மாற்றினார்கள். ஒரு தம்பதி கதவைத் திறக்கவே இல்லை. முழங்கால் வலிக்காரர் ஒருவர், மணலில் நடப்பது இதமாக இருக்குமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பதிவு செய்தார். கெஞ்சுவதை அவள் இரண்டாவது வீட்டோடு நிறுத்திவிட்டாள். திடலைப் பற்றியே பேசினாள்: எந்தக் குழியில் காற்று குறுக்கே வரும், எங்கே பந்து வழுக்கும், ஏன் பதினொன்றாவது குழி நீலச்சாரலில் இருப்பதைவிடக் கடினம். பஞ்சவர்ணத்தின் வழிதான் சரி என்று அவளுக்குப் புரிந்துவிட்டிருந்தது.

கடைசி நாள் மாலை மனோகர் கூப்பிட்டார். "அந்தப் பதினொண்ணாவது குழி நிஜமாவே அவ்வளவு கஷ்டமா?"

"வந்து பாருங்க சார்."

"வந்துதான் தொலையணும்" என்று அவர் வைத்துவிட்டார்.

அவரோடு குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்களும் பதிவு செய்தார்கள். மீதிப்பேர் நீலச்சாரலுக்குப் போனார்கள். வாரியத்தின் அறிவிப்பில் வித்தியாசம் ஒரு கைப்பிடிதான். ஆனாலும் சாளரம் ஓடைக்கரைப்பட்டிக்கு.

*

கப்பல்கள் காலையிலேயே மேலே வந்து சேர்ந்திருந்தன. ஊர் முழுவதும் திடலில் நின்றது. கட்டிலில் கிடந்தவர்களைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். ரகுபதியைக் கோமளா சக்கர நாற்காலியில் அழைத்து வந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வானம் கிழியவில்லை, சத்தம் வரவில்லை. வெள்ளை மெல்ல மெலிந்தது, நீலம் தெரிந்தது, பிறகு ஒரேயடியாக வெயில் விழுந்தது. ஒருவரும் ஆரவாரம் செய்யவில்லை. குழந்தைகள் சிலர் பயந்து அழுதார்கள். கம்பு ஊன்றிய அந்தப் பெண் கம்பைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கால்களை நீட்டி, பாவாடையை முழங்கால்வரை ஏற்றிவிட்டுக்கொண்டாள். மனோகர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

எல்லோரும் எழுந்துவிடவில்லை. பஞ்சவர்ணத்தின் கணவர் கடைசிவரை எழவில்லை. ஆனால் நான்காம் நாள் அவர் தானாகப் புரண்டு, வெயில் வரும் பக்கம் முகத்தைத் திருப்பினார். பஞ்சவர்ணம் அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று முழுவதும் மட்டைப் பைகளை இரண்டிரண்டாகச் சுமந்தாள்.

ரகுபதி ஒரு வாரம் கழித்து நடந்தார். பேசவில்லை. திடலின் ஓரமாக, யாரோ கயிறு பிடித்ததுபோல ஒரே சீராக அடி வைத்து நடந்தார். ஒரு இடத்தில் நின்று, குனிந்து, மண்ணின் சரிவைக் கையால் தடவிப் பார்த்தார்.

விடுமுறை முடியும் தறுவாயில் ஒரு ஆள் வந்தான். சாளரத்தின் எல்லைக்கு அப்பால், மங்கலில் கிடக்கும் கல்லுப்பொட்டல் என்ற ஊரிலிருந்து. காசிலிங்கம் என்று பெயர் சொன்னான். வெயிலில் கண்கூசி, கையை நெற்றியில் வைத்தபடி பஞ்சவர்ணத்தின் முன் நின்றான்.

"திடல் எப்படி வெட்டினீகன்னு கேட்டுட்டுப் போக வந்தேன் மதினி. எங்க ஊர்லயும் நெலம் இருக்கு."

பஞ்சவர்ணத்தின் முகம் இறுகியது. "சொல்லிக் குடுத்துட்டு? மண்டலத்துக்கு ஒரு சாளரம். அடுத்த வருசம் அது உங்களுக்கு வந்துட்டா இங்க கெடக்கிறவுக என்ன பண்ணுவாக?"

காசிலிங்கம் கையை நெற்றியிலிருந்து இறக்கினான். "எங்க ஊர்லயும் கெடக்காக" என்றான் மெதுவாக.

கோமளா இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த மே மாதம் தன் தொலைபேசி எதற்காக ஒலிக்கும் என்று அவளுக்கு இப்போதே தெரிந்தது. ஓடைக்கரைப்பட்டியா, கல்லுப்பொட்டலா என்று கேட்பார்கள். விடுமுறைக்கு இடம் தேர்ந்தெடுக்கும் வேலை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள். யார் மங்கலில் கிடப்பது என்பதையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

"பஞ்சவர்ணம், ஊருக்கு ஊர் திடல் வெட்டட்டும்" என்றாள். "நாலு ஊர், நாப்பது ஊர். எல்லாத்தையும் பதிவு பண்ணுவோம். இத்தனைக்கும் ஒரே சாளரமான்னு வாரியத்து வாசல்ல நின்னு கேப்போம். நம்ம ஒரு ஊர் போய்க் கேட்டா யார் காதுலயும் விழாது."

"குடுப்பாகளா?"

"குடுக்குற வரைக்கும் கேப்போம். ரிசார்ட் கட்டினாத்தான் சாளரம்னாங்க, நீ கட்டலையா?"

பஞ்சவர்ணம் காசிலிங்கத்தின் பக்கம் திரும்பி, "மொத மொதல்ல தண்ணி வழியிற பக்கத்தப் பாக்கணும். அதுல நாங்க ஒரு வருசத்தத் தொலச்சோம்" என்றாள்.

"அதை நான் பார்த்துச் சொல்றேன்."

மூவரும் திரும்பினார்கள். ரகுபதி நின்றிருந்தார். முகம் வெயிலில் கருத்திருந்தது. மாதக்கணக்கில் பேசாத குரல் கரகரத்தது. "உங்க ஊர் எவ்வளவு தூரம்? இப்பப் போனா வெளிச்சம் இருக்குமா?"

"அங்க மங்கல்தான் சார். ஆனா பாக்கலாம்" என்றான் காசிலிங்கம், குழப்பத்தோடு.

"ரகு, மங்கலுக்கா போற?" கோமளா அவர் கையைப் பற்றினாள். "வேண்டாம் ரகு. இன்னும் ரெண்டு நாள் வெயில் பாக்கி இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார். நேராக, கண்ணைப் பார்த்து.

"அளக்குற அளவுக்கு வெளிச்சம் இருந்தா போதும், கோமு" என்றார்.

காசிலிங்கத்தின் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கோமளா ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானும் பின்னால் ஏறினாள். வண்டி வெயிலின் எல்லையை நோக்கிப் புறப்பட்டது.