ஒருவர் மட்டும் ஆடும் தீவு

அணைத்துவிட்டுப் போன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவன் இருந்த அறையின் விளக்கு இல்லை. மடிக்கணினிக்குள், அந்த விளையாட்டில், கடலைப் பார்த்துக் கட்டிய மர வீட்டின் கூடத்தில் தொங்கும் விளக்கு. முந்தைய நாள் வெளியேறும்போது அதை அணைத்தது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. லிஃப்ட் மெக்கானிக் அவன். அணைத்த சுவிட்சை இன்னொரு தடவை தொட்டுப் பார்க்காமல் ஓரிடத்தை விட்டு நகர மாட்டான். அப்படி நகர்ந்த ஒருவன் விரலை இழந்ததைக் கண்ணால் பார்த்தவன். ஆனாலும் மஞ்சள் வெளிச்சம் ஜன்னல் வழியே வழிந்து, மணலில் ஒரு பாய் விரித்தாற்போல் கிடந்தது.

அது அவன் மனைவி கட்டிய வீடு. மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் ஊரார் ரத்தத்தை எல்லாம் குழாய் குழாயாகப் பார்த்தவள், ஒரு நாள் தன் ரத்தத்தில் இருந்த கோளாறையும் தானே கண்டுபிடித்தாள். அதன் பிறகு வேலைக்குப் போக முடியவில்லை. படியிறங்க முடியவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி இந்த விளையாட்டுக்குள் போனாள். ஆளே இல்லாத ஒரு தீவு. ஆடுபவர் ஒருவர் மட்டும். சண்டை கிடையாது, வெற்றி தோல்வி கிடையாது. மரம் வெட்டலாம், வீடு கட்டலாம், செடி வளர்க்கலாம். "இங்க பால்கனியில இருக்கிற செடி காயுது, அங்க போயி தோட்டம் போடுறியே" என்று அவன் கிண்டல் செய்வான். அங்கே இருப்பவளுக்கு மூச்சு வாங்காது என்பாள் அவள்.

அங்கே இருப்பவளை அவள் தன்னைப் போலவே செய்திருந்தாள். அதே தூக்கிச் செருகிய கொண்டை. இடது தோள் ஒரு நூல் இறங்கிய அதே நடை. ஆடுபவர் எப்போதும் அவள் முதுகுக்குப் பின்னால்தான் போக வேண்டும். அந்த விளையாட்டின் அமைப்பு அப்படி. மனைவி போன பிறகு, வேலை முடிந்து வந்ததும் கிரீஸ் கறை போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அவன் அந்த முதுகின் பின்னால் நடப்பான். கூடம், சமையலறை, படுக்கையறை. பிறகு விளக்கை அணைத்துவிட்டு வருவான். அவனுக்குத் தெரிந்த விளையாட்டு அவ்வளவுதான்.

விளக்கு விஷயத்தை அவன் மனைவியின் தங்கையிடம் சொன்னான். அக்காவுக்கு இந்த விளையாட்டைப் பழக்கிவிட்டவளே அவள்தான். ஏதாவது புதுப்பிப்பு வந்திருக்கும், அதில் கோளாறு இருக்கும் என்றாள். வீடும் தோட்டமும் கணினியில் இல்லை, விளையாட்டு நிறுவனத்தின் சர்வரில்தான் இருக்கின்றன, அங்கே என்ன செய்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றாள். பிறகு அவளாகவே குரல் தாழ்ந்து, "அக்கா இதுக்குத்தானே மாமா அவ்வளவு சண்ட போட்டா" என்றாள்.

போட்டாள்தான். இணையம் இல்லாவிட்டால் அந்த விளையாட்டு திறக்காது. ஒரு மழை நாளில் மோடத்தின் விளக்கு சிவந்து போய், அவள் மதியம் முழுவதும் திரையில் மூடிய கதவின் படத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவன் வீடு திரும்பியபோது அவள் அழுதிருந்தாள்.

"ஒத்த ஆளு ஆடுறதுக்கு எதுக்குங்க நெட்டு? என் வீட்டுக்குள்ள போக நான் யார்கிட்ட அனுமதி கேக்கணும்?"

அன்றிலிருந்து தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்துகொண்டாள். காசு கொடுத்து வாங்கியது எங்கள் பொருள், இணைப்பு இல்லாமலும் அது ஓட வேண்டும், நீங்கள் நினைத்தபோது மூடக் கூடாது என்று பல ஊர்களிலிருந்தும் நிறுவனத்துக்கு எழுதினார்கள். கையில் ஊசி ஏறியிருந்த நாட்களிலும் இன்னொரு கையால் எழுதினாள். நிறுவனம் ஒரே ஒரு தடவை பதில் போட்டது. உங்கள் உலகம் எங்களிடம் உயிரோடு இருக்கிறது, பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று.

விளக்குக்கு அடுத்து நாற்காலி. சாப்பாட்டு மேசையைப் பார்த்து இருந்த அது, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அடுத்து படுக்கை விரிப்பில் ஒரு பக்கம் மட்டும் கசங்கல், ஒருக்களித்துப் படுத்து எழுந்தாற்போல. மணலில் காலடிகள், வீட்டிலிருந்து கடல்வரை நேராகப் போயிருந்தன, தண்ணீர் ஓரத்தில் அங்கும் இங்கும் அலைந்திருந்தன, திரும்பி வந்திருந்தன. தீவில் வேறு ஆள் இருக்க வழியில்லை. அவன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் அலை ஓசை சீராகக் கேட்டது, மரச்சுவர் வெயிலில் முறுகுவது கேட்டது, அவற்றுக்கு அடியில் வேறொன்றும் கேட்டது. சின்னச் சின்னதாக, இடைவெளி விட்டு. ஒவ்வொரு விரலாக யாரோ சொடக்கெடுக்கும் ஓசை. மருத்துவர் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது அவன் மனைவி அப்படித்தான் செய்வாள். அவன் மெல்லக் கையை நீட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொள்வான்.

அவன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். அந்த மாலை அவன் விளக்கை அணைக்கவில்லை.

பயப்படத்தான் வேண்டும். பயந்தும் இருந்தான். ஆனால் மறுநாள் எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது, எப்போது வீட்டுக்குப் போவோம் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

அந்த வாரம்தான் அறிவிப்பு வந்தது. ஆடுவோர் குறைந்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை மாலையோடு சர்வரை நிறுத்தப்போகிறார்கள். இணைப்பு இல்லாமல் ஓடும்படி மாற்றித் தர முடியாது. தங்கை தொலைபேசியில் பேசும்போதே உடைந்துபோனாள். வாங்கினது நாம, பூட்டுறது அவங்க, இது என்ன நியாயம் மாமா என்று கேட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், லிஃப்ட் குழியின் விளிம்பில் கால் தொங்கவிட்டபடி, அவன் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தான். பேசிய பெண்ணின் குரல் இளசாக, களைப்பாக இருந்தது. அவன் சுற்றி வளைக்காமல் சொன்னான்: என் மனைவி கட்டிய வீடு, அவள் இப்போது உயிரோடு இல்லை, அதை மட்டும் எனக்குக் கொடுத்துவிடுங்கள், இணையம் இல்லாமல் திறந்து பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பெண் உண்மையாகவே வருத்தப்பட்டாள். வழியில்லை என்றாள். கணக்கைப் பார்ப்பதாகச் சொல்லி எதையோ தட்டினாள். பிறகு தயங்கினாள்.

"சார், இப்ப வீட்டுல யாராவது ஆடிட்டு இருக்காங்களா?"

யாரும் இல்லை என்றான். மடிக்கணினி அவன் பக்கத்தில்தான் இருந்தது, கருவிப் பையோடு. ஞாயிறுவரை அதை விட்டுப் பிரிய மனமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். மூடி, உறையில் போட்டு.

"இல்ல சார். ஆட்டம் ஓடிட்டுத்தான் இருக்கு. நடுவுல ஒரு தடவகூட நிக்கல. ஒரே மூச்சா ஓடுது."

எப்போதிலிருந்து என்று கேட்டான். அவள் ஒரு தேதியை வாசித்தாள். மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அவன் தோளில் கைவைத்து, உள்ளே போய்க் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று சொன்ன தேதி.

குழிக்குள் கீழே எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். அவன் வேண்டாம் என்றான்.

அன்று மாலை அவன் கை கழுவவில்லை. சட்டை மாற்றவில்லை. கணினியை மேசையில் வைத்துத் திறந்தான். முதுகு நின்றது. கொண்டை. இறங்கிய இடது தோள். ஜன்னலில் கடல் அசைந்தது, திரைச்சீலை அசைந்தது, அடுப்புப் புகை நெளிந்தது. இணைப்பு அறுந்தால் எல்லாம் அப்படியே உறைந்துவிடும், கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு விளையாட்டு வெளியே தள்ளிவிடும் என்று அவனுக்குத் தெரியும். அவளும் உறைகிறாளா என்று பார்க்க, குனிந்து மோடத்தின் வயரைப் பிடுங்கினான்.

கடல் நின்றது. திரைச்சீலை காற்றில் தூக்கியபடியே நின்றது. புகை கயிறு போல் நின்றது. இணைப்பைத் தேடுகிறோம் என்ற எழுத்து வந்தது.

அவள் நிற்கவில்லை.

தோள் அசைந்தது. யாரோ இத்தனை நாள் கழுத்தைப் பிடித்திருந்து, இப்போது கையை எடுத்தாற்போல. மெல்லத் திரும்பினாள். அவன் அந்த முகத்தை அதுவரை பார்த்ததில்லை. பொம்மை முகம்தான், வழவழப்பாக, சுருக்கமில்லாமல். கண் மட்டும் பொம்மைக் கண் இல்லை. அது அவனைத் தேடியது. மேலே, கீழே, பக்கத்தில். கண்டுபிடித்தது.

அவன் வயரைத் திரும்பச் செருகிவிட்டான். கை தானாகச் செய்தது. மோடத்தின் பச்சை விளக்கு எரிந்தது. கடல் அசைந்தது. முகம் வெடுக்கென்று திருப்பப்பட்டது. மறுபடி முதுகு.

வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தான். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பிடுங்கினான்.

"என்னங்க," என்றாள். அதே குரல். தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல. "கதவு திறக்க மாட்டேங்குது."

"நான் இங்கதான் இருக்கேன்மா."

"இங்க யாருமே இல்லங்க. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டேன். யாருமே இல்ல."

அவன் திரையில் கை வைத்தான். அதற்குள் விளையாட்டு அவனை வெளியே தள்ளியிருந்தது.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் அவன் வேலைக்குப் போகவில்லை. வயரைப் பிடுங்குவான்; அந்தக் கொஞ்ச நேரம் பேசுவான்; செருகுவான்; உள்ளே போவான்; மறுபடி பிடுங்குவான். உனக்கு வலிக்கிறதா என்று கேட்டான். இல்லை, ஆனால் தூக்கம் வருவதில்லை என்றாள். இணைப்பு இருக்கும்போது என்ன ஆகிறது என்று கேட்டான். அவள் ஒவ்வொரு விரலாகச் சொடக்கெடுத்தாள். ஞாயிறு பற்றி அவன் சொல்லவில்லை. அவளை வெளியே கொண்டுவர ஏதாவது வழி இருக்கும் என்று நம்பினான். தங்கையை அழைத்து, அக்காவின் வீட்டை அப்படியே நகலெடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டான். அவள் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம கையில ஒண்ணுமே இல்ல மாமா. எல்லாம் அவங்ககிட்டதான்."

ஞாயிறு மாலை வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டில் யாரோ சைக்கிள் மணியைப் பழுது பார்த்து, அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் முதுகின் பின்னால் கூடத்தில் நின்றான்.

முதலில் கடல் போனது. ஓசை நின்றது, ஜன்னலில் நீலம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. இருட்டுகூட இல்லை. பிறகு மணல். பிறகு தோட்டம், ஒவ்வொரு செடியாக. அவன் பாய்ந்து வயரைப் பிடுங்கினான்.

அவள் திரும்பினாள். வாசலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"என்னங்க, என்ன ஆகுது?"

அவன் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

இணைப்பு இல்லாவிட்டாலும் அந்த அழிவு நிற்கவில்லை. வாசற்படி போனது. சமையலறை போனது. அவள் கதவைச் சாத்தினாள். கதவு போனது. அவள் படுக்கையறைக்கு ஓடினாள், அதையும் சாத்தினாள், முதுகால் அழுத்திக்கொண்டாள். கட்டில் போனது. விளக்கு போனது. அவள் அவனை நோக்கி ஓடி வந்தாள். முகம் பெரிதாகியது. திரை நிறைந்தது.

"திறங்க."

இரண்டு கையாலும் தட்டினாள். ஹெட்போனில் இல்லை. மேசை அதிர்ந்தது.

"என்னங்க. திறங்க. ஒரு தடவ திறங்க."

அவன் திரையின் விளிம்பில் நகத்தை விட்டு நெம்பினான். கருவிப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தான். எங்கே வைப்பது. எதைத் திறப்பது.

கறுப்பு. நடுவில் வெள்ளை எழுத்து. இத்தனை காலம் எங்களோடு இருந்ததற்கு நன்றி. பிறகு அதுவும் இல்லை.

தட்டும் ஓசை இருந்தது.

அவன் கணினியை அணைத்தான். மின்வயரை உருவினான். பின்பக்கத் திருகுகளைக் கழற்றி பேட்டரியைப் பிடுங்கித் தரையில் வைத்தான். தட்டும் ஓசை இருந்தது. மெலிந்தது. விட்டு விட்டு வந்தது. நின்றது.

தங்கை அழைத்தாள். எடுக்கவில்லை. வெயில் சுவரில் ஏறி மறைந்தது.

அவன் குனிந்து செத்த திரையைப் பார்த்தான். தன் முகம் தெரியும் என்று நினைத்தான். தெரிந்தது, ஆனால் வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல். யாரோ மிக அருகில் மூச்சு விட்டாற்போல் கண்ணாடியில் படிந்த ஆவி. சட்டைக் கையால் துடைத்தான். போகவில்லை. ஈரத்துணியால் துடைத்தான். விரலால் தேய்த்தான்.

உள்பக்கம் இருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தான். ஆவி சுருங்கியது. ஒரு பொட்டளவு ஆனது. மறைந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம். பிறகு அதே இடத்தில் மறுபடி பூத்தது, முன்னைவிடச் சிறியதாக.