தாழ் திறக்கும் நேரம்

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு இருவர் இருவராகத்தான் போக வேண்டும். ஒருவர் தலையில் நினைவுத்தாழை அணிந்துகொள்வார். மற்றவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார். கோவைப் பல்கலைக்கழகத்தின் இத்தாலியவியல் துறையில் இது பழகிப்போன ஏற்பாடு. போன வாரம் உமையாளுக்கு 1948ஆம் ஆண்டில் தாழிட்டு, குண்டு விழுந்த ஒரு நகரத்தைப் பற்றிய கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினார்கள். இந்த வாரம் ஜெசிந்தாவின் முறை. ஆண்டு 1310.

தாழ் போட்டதும், அந்த ஆண்டுக்குப் பிறகு உலகில் நடந்த எதுவும் நினைவில் இருக்காது. சொந்தப் பெயர்கூட மறைந்துவிடும். படித்துச் சேர்த்த பழைய இத்தாலிய மொழியும், அந்தக் காலத்து ஊர்க்காரருக்குத் தெரிந்திருக்கக்கூடியவையும் மட்டும் விழித்திருக்கும். பிறந்த நாள்முதல் கண்வில்லையில் ஓயாமல் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஓர் ஓவியத்தைக் கண்டு வியக்க வேறு வழி இருக்கவில்லை.

"இன்னைக்கு நீ வேண்டாம்டி. அடுத்த பருவத்துல பாத்துக்கலாம்" என்றாள் உமையாள்.

"அண்ணனுக்காகச் சொல்லுதியா?"

ஜெசிந்தாவின் அண்ணன் லூர்து தூத்துக்குடிக்கு அப்பால் ஆழ்கடல் நிலையத்தில் வேலை பார்த்தவன். சென்ற மாதம் அங்கே நடந்த விபத்தில் இறந்துபோனான். தாழ் திறக்கும்போது மறந்ததெல்லாம் திரும்பி வரும். சாவு, அப்போதுதான் யாரோ வந்து சொன்ன செய்தியாக வரும். துக்கம் ஆறாதவர்கள் அணிய வேண்டாம் என்று துறையே சொல்லியிருந்தது.

"அடக்கம் முடிஞ்சு வந்தாச்சு. எனக்கு ஒரு சொட்டு கண்ணீர் வரல. எல்லாரும் கதறுதாக, நான் கண்வில்லையில படம் பாக்கிற மாதிரி நின்னேன். போடு, உமா."

உமையாள் போட்டாள்.

எதிரே, வட இத்தாலிய நகரத்துச் சிறு கோயில் ஒன்றின் ஓவியச் சுவர், சுண்ணாம்புப் பூச்சின் விரிசல்கூட மாறாமல் எழுப்பப்பட்டிருந்தது. மெழுகுத்திரி வெளிச்சத்தில் ஜெசிந்தா அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு இப்போது தெரிந்த படங்களெல்லாம் பொன்னிறப் பின்னணியில் நேரே வெறிக்கும் புனிதர்கள்தாம். இங்கே இறந்த மகனை மடியில் தாங்கி, அவன் முகத்தோடு முகம் வைத்துக் குனிந்திருந்தாள் தாய். அவர்களுக்கு முன்னால் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஜெசிந்தா மெல்லச் சுவரின் ஓரத்துக்குப் போனாள். தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைத் தேடுகிறாள் என்று உமையாளுக்குப் புரிந்தது.

"மூச்சு விடுகிறார்கள்" என்றாள் ஜெசிந்தா பழைய இத்தாலியத்தில். பிறகு, மிகவும் தாழ்ந்த குரலில்: "ஆண்டவரின் தாய் இப்படியா அழுதார்? எங்கள் தெருப் பெண்களைப் போலவா?"

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கன்னங்களில் கண்ணீர் இறங்கியது. அவளுக்கு அண்ணன் என்று ஒருவன் இருந்ததே அப்போது தெரியாது.

நேரம் முடிந்துவிட்டது. உமையாளின் விரல் தாழின் மேல் தயங்கியது. திறந்தால் அந்தச் செய்தியைச் சொல்பவள் அவளாகிவிடுவாள். திறக்காமல் இருக்கவும் முடியாது. திறந்தாள்.

ஜெசிந்தாவின் கண்கள் ஒரு கணம் அலைந்தன. "லூர்தண்ணே" என்றாள். கண்ணீர் முன்பே வந்து காத்திருந்தது. காரணம் இப்போதுதான் வந்து சேர்ந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓலமிட்டாள். உமையாள் அவளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து ஜெசிந்தா சுவரைக் காட்டினாள். "எங்கம்மாவும் இப்படித்தான் குனிஞ்சா, உமா. மூஞ்சியோட மூஞ்சி வச்சு. பக்கத்துலதான் நின்னேன், ஆனா பாக்கவே இல்ல. இத வரைஞ்ச ஆளு எங்கேயோ, எந்தக் காலத்துலயோ இருந்துக்கிட்டு எப்படிப் பாத்தான்?"

உமையாளும் சுவரைப் பார்த்தாள். ஈரச் சுண்ணாம்பு, மண்ணைக் குழைத்த நிறம், ஒரு மனிதனின் கை. அவ்வளவுதான். அந்தத் தாயின் குனிந்த கழுத்திலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அடுத்த இருவர், தங்கள் முறைக்காக.

உமையாள் கதவைப் பாதி திறந்தாள். "கொஞ்சம் பொறுங்க. உள்ள துக்கம்."

அவர்கள் எதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நடைவழித் தரையில் உட்கார்ந்தார்கள்.